இரத்தம் மறந்ததை எலும்பு சொல்லும்

சிறுவயதில் உடலில் சேர்ந்த காரீயத்தை அறிவியலாளர்கள் எப்படி அளக்கிறார்கள்?

மாணவர்களே, ஒவ்வொரு தவணை முடிவிலும் உங்கள் மதிப்பெண் அறிக்கையில் ‘ஆசிரியர் கருத்து’ என்று ஒரு சிறிய கட்டம் இருக்கும். வகுப்பாசிரியர் அதில் ஓரிரு வரி எழுத வேண்டும். ‘நன்று, தொடர்க’ என்று எழுதும்போது பேனா தானாக ஓடும். ‘பாடத்தில் கவனம் இல்லை’, ‘சொன்னதைக் கேட்டு நடப்பதில்லை’ என்றும் சில கட்டங்களில் எழுத வேண்டி வரும். நானும் எழுதியிருக்கிறேன். எழுதி முடித்ததும் அடுத்த அறிக்கையை எடுத்துவிடுவேன். ஏன் கவனம் இல்லை என்று அந்தக் கட்டத்தில் எழுத இடமும் இருக்காது.

1970களில் அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில், செல்சி, சோமர்வில் என்ற இரண்டு ஊர்களின் ஆசிரியர்களும் இப்படித்தான் தங்கள் மாணவர்களைப் பற்றிக் கருத்து எழுதினார்கள். ஆனால் அந்தக் கருத்துகளின் பக்கத்தில் இன்னொரு பொருளும் வைத்துப் பார்க்கப்பட்டது. அதே பிள்ளைகளின் வாயிலிருந்து விழுந்த பால் பற்கள்! அந்தப் பற்கள் சொன்ன செய்தியைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம்.

எந்த ஈயம்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். நம் நாட்டில் ‘ஈயம்’ என்றதும் கிந்தா பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்கள் நினைவுக்கு வரும். அது வெள்ளீயம். பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பும், பித்தளைப் பாத்திரத்தின் உட்புறம் பூசுவதும் வெள்ளீயம்தான்.

இந்தக் கட்டுரை பேசுவது காரீயத்தைப் பற்றி. அது வேறு தனிமம். கனமானது, மென்மையானது, எளிதில் உருகுவது. கார் மின்கலன், தூண்டில் குண்டு, பழைய சாயங்கள், பழைய குழாய்கள் ஆகியவற்றில் இருப்பது இதுதான். தொழில்நுட்பப் பாடத்தில் மின்சுற்றுகளைப் பற்றவைக்கும் கம்பியைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கம்பியின் பழைய வகையில் வெள்ளீயமும் காரீயமும் கலந்திருக்கும். பென்சிலில் மட்டும் காரீயம் இல்லை. அதில் இருப்பது கார்பனின் ஒரு வடிவமான கிராபைட்.

இரும்பும் துத்தநாகமும் நம் உடலுக்குத் தேவை. காரீயத்தால் உடலுக்கு எந்தப் பயனும் இல்லை. மிகச் சிறிய அளவுகூட வளரும் மூளையைப் பாதிக்கும். பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். அதோடு, பெரியவர்கள் விழுங்கும் காரீயத்தில் எவ்வளவு உடலில் சேருமோ, அதைப் போல் நான்கைந்து மடங்கு சிறு குழந்தைகளின் உடலில் சேர்கிறது. தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் வயதும் அதுதான்.

இரத்தத்தில் தேடினால் என்ன?

‘காரீயம் உடலில் இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமே’ என்று நீங்கள் கேட்கலாம். மருத்துவமனைகளில் அதைத்தான் செய்கிறார்கள். ஆனால் அதில் ஒரு குறை உண்டு.

இரத்தத்தில் இருக்கும் காரீயத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய ஒரு மாதம். அரை ஆயுள் என்றால், இருப்பது பாதியாகக் குறைய ஆகும் காலம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு வயதுக் குழந்தை ஒன்று, சன்னல் விளிம்பில் உரிந்து கிடந்த சாயத் துண்டுகளைத் தின்றுவிடுகிறது. அதன் இரத்தத்தில் ஒரு டெசிலிட்டருக்கு 32 மைக்ரோகிராம் காரீயம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு அந்த வீட்டைவிட்டுக் குடும்பம் வெளியேறிவிடுகிறது. ஒரு மாதத்தில் 16, இரண்டு மாதத்தில் 8, மூன்றில் 4, நான்கில் 2, ஐந்தாவது மாதத்தில் 1.

உண்மையில் இவ்வளவு வேகமாக இறங்காது. அதன் காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். ஆனாலும் கருத்து இதுதான்: அந்தக் குழந்தை ஏழு வயதில் பள்ளிக்கு வரும்போது, இரண்டு வயதில் என்ன நடந்தது என்று இரத்தத்தைக் கேட்டால் அதனிடம் சரியான பதில் இருக்காது. இரத்தத்துக்குத் தெரிந்தது அண்மைய சில வாரங்களின் செய்திதான். மூளை மிக வேகமாக வளரும் முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் நேர்ந்த பாதிப்பு மட்டும் அப்படியே இருக்கும்.

கால்சியத்தின் இடத்தில் அமர்ந்த விருந்தாளி

இரத்தத்தைவிட்டு வெளியேறும் காரீயம் எங்கே போகிறது? ஒரு பகுதி சிறுநீரில் வெளியேறுகிறது. இன்னொரு பகுதி எலும்புக்கும் பல்லுக்கும் போகிறது.

இதற்குக் காரணம் வேதியியலில் இருக்கிறது. எலும்பின் கனிமப் பகுதி கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம். கால்சியம் அயனிக்கு இரண்டு நேர்மின்னூட்டம். காரீய அயனிக்கும் அதே இரண்டு நேர்மின்னூட்டம். அளவிலும் பெரிய வேறுபாடு இல்லை. கால்சியம் அயனியின் ஆரம் சுமார் 100 பிக்கோமீட்டர், காரீயத்துக்குச் சுமார் 119. ஆகவே, எலும்பு வளரும்போது கால்சியம் அமர வேண்டிய சில இடங்களில் காரீயம் அமர்ந்துவிடுகிறது.

பெரியவர் ஒருவரின் உடலில் உள்ள காரீயத்தில் 90 விழுக்காட்டுக்கும் மேல் எலும்பிலும் பல்லிலும்தான் இருக்கிறது. குழந்தைகளிடம் இது ஏறக்குறைய 70 விழுக்காடு. பெரியவர்களின் கெட்டியான எலும்பில் காரீயத்தின் அரை ஆயுள் மாதக் கணக்கில் இல்லை, பத்தாண்டுக் கணக்கில் இருக்கிறது. இரத்தம் மறந்துவிட்டதை எலும்பு நினைவில் வைத்திருக்கிறது.

கூரைக்குப் போகாத பற்கள்

எலும்பில் எழுதியிருப்பதை எப்படிப் படிப்பது? உயிருள்ள குழந்தையின் எலும்பை வெட்டி எடுத்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒவ்வொரு குழந்தையும் ஆறு, ஏழு வயதில் எலும்பு போன்ற ஒரு பொருளைத் தானாகவே கொடுக்கிறது. அதுதான் பால் பல்.

நம் வீடுகளில் பால் பல் விழுந்தால் கூரைமேல் எறியச் சொல்வார்கள். அமெரிக்கப் பிள்ளைகள் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குவார்கள். ஹெர்பர்ட் நீடில்மேன் என்ற குழந்தை மருத்துவர், அந்தப் பற்களைத் தனக்குத் தரும்படி கேட்டார்.

நீடில்மேன் 1927இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். இளம் மருத்துவராக இருந்தபோது, காரீய நச்சால் உயிருக்குப் போராடிய ஒரு சிறுமிக்குச் சிகிச்சை அளித்தார். குழந்தை பிழைத்தது. பழைய வீட்டுக்குத் திரும்பப் போகக்கூடாது என்று அவர் தாயிடம் சொன்னார். தன்னால் வாடகை கொடுக்க முடிந்த வீடுகள் எல்லாமே அப்படித்தானே இருக்கின்றன, எங்கே போவது என்று அந்தத் தாய் திருப்பிக் கேட்டார். மருந்து கொடுத்துவிட்டால் தன் வேலை முடிந்துவிடாது என்று அந்தக் கேள்வி தனக்குப் புரியவைத்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

அக்காலத்தில் காரீய நச்சு என்றால் வலிப்பு, மயக்கம், மரணம் என்றுதான் மருத்துவர்கள் நினைத்தார்கள். அந்த அறிகுறிகள் இல்லாத பிள்ளை நலமான பிள்ளை. நீடில்மேனுக்கு அதில் ஐயம் இருந்தது. வெளியே நலமாகத் தோன்றும் பிள்ளைகளுக்கும் பாதிப்பு இருக்குமோ? 1972இல் அவரும் உடன் ஆய்வாளர்களும் பிலடெல்பியாவில் சேகரித்த பால் பற்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். நகரத்தின் நெருக்கடியான பகுதிகளில் வாழ்ந்த பிள்ளைகளின் பற்களில், புறநகர்ப் பிள்ளைகளின் பற்களைவிடப் பல மடங்கு காரீயம் இருந்தது.

அடுத்து அவர் செல்சிக்கும் சோமர்வில்லுக்கும் வந்தார். முதலாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளிடம் விழுந்த பற்களைக் கேட்டார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். பற்களுக்குள் இருக்கும் தந்தினி என்ற கெட்டியான பகுதியில் காரீயம் அளக்கப்பட்டது.

அதே நேரத்தில், 2,146 பிள்ளைகளைப் பற்றி அவர்களின் ஆசிரியர்கள் பதினொரு கேள்விகளுக்கு ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று பதில் எழுதினார்கள். கவனம் எளிதில் சிதறுகிறதா? பகல் கனவு காண்கிறதா? எடுத்த வேலையை முடிக்காமல் விடுகிறதா? எளிய கட்டளையைப் பின்பற்ற முடிகிறதா? இப்படிப்பட்ட கேள்விகள். எந்தப் பிள்ளையின் பல்லில் எவ்வளவு காரீயம் என்பது ஆசிரியர்களுக்குத் தெரியாது.

பல்லில் இருந்த காரீய அளவைக்கொண்டு பிள்ளைகளை ஆறு குழுக்களாகப் பிரித்துப் பார்த்தார்கள். காரீயம் ஏற ஏற, ஆசிரியர்களின் குறைகூறலும் படிப்படியாக ஏறியது.

பிறகு, காரீயம் மிக அதிகமாக இருந்த 58 பிள்ளைகளையும் மிகக் குறைவாக இருந்த 100 பிள்ளைகளையும் தனியே சோதித்தார்கள். சோதித்தவர்களுக்கும் யார் எந்தக் குழு என்று தெரியாது. காரீய நச்சு என்று முன்பே மருத்துவர் சொன்ன பிள்ளைகள் யாரும் இதில் சேர்க்கப்படவில்லை. பெற்றோரின் கல்வி, குடும்ப நிலை போன்ற மற்றக் காரணங்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். அப்படியும், அதிகக் காரீயக் குழுவின் அறிவுத்திறன் சோதனைச் சராசரி சுமார் 4 புள்ளிகள் குறைவாக இருந்தது. 1979இல் இந்த முடிவு வெளியானது.

நான்கு புள்ளி என்பது ஒரு தனி மாணவரிடம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு நாட்டின் எல்லாப் பிள்ளைகளின் சராசரியும் நான்கு புள்ளி இறங்கினால், மிகத் திறமையானவர்களின் எண்ணிக்கை பெரிதும் குறையும். சிறப்பு உதவி தேவைப்படுபவர்களின் எண்ணிக்கை பெரிதும் கூடும்.

அதே பிள்ளைகளில் 132 பேரை, அவர்கள் இளைஞர்களான பிறகு மீண்டும் சந்தித்தார்கள். பல்லில் அதிகக் காரீயம் இருந்தவர்கள் உயர்நிலைப்பள்ளிப் படிப்பை முடிக்காமல் போன வாய்ப்பு ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம் என்று 1990இல் எழுதினார்கள். முதல் வகுப்பில் ‘கவனம் இல்லை’ என்று எழுதப்பட்ட பிள்ளைகளில் எத்தனை பேர் இவர்கள்?

இந்த முடிவு எல்லாருக்கும் பிடிக்கவில்லை. 1991இல், காரீயத் தொழில்துறையின் சார்பில் சாட்சி சொன்னவர்களான இரு உளவியலாளர்கள், நீடில்மேன் ஆய்வில் முறைகேடு செய்தார் என்று புகார் கொடுத்தார்கள். மறு ஆண்டு பிட்ஸ்பர்க்கில் பொது விசாரணை நடந்தது. முறைகேடு ஏதும் இல்லை என்பது முடிவானது.

பல் விழுந்து முடிந்த பிறகு?

பால் பல் முறையில் ஒரு சிக்கல் உண்டு. பன்னிரண்டு வயதுக்கு மேல் விழுவதற்குப் பால் பல் இருக்காது. அப்படியானால் பதின்ம வயதினரிடம் எப்படி அளப்பது? இங்கேதான் இயற்பியல் உதவிக்கு வருகிறது. எலும்பைத் தொடாமலே, தோலுக்கு வெளியே இருந்து அளக்கும் இந்த முறைக்கு எக்ஸ் கதிர் ஒளிர்வு என்று பெயர்.

அணுவைப் பற்றிப் படித்ததை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நடுவில் அணுக்கரு, சுற்றிலும் எலெக்ட்ரான் கூடுகள். கருவுக்கு மிக அருகில் உள்ள கூட்டை ‘கே’ கூடு என்பார்கள். காரீய அணுவின் கருவில் 82 புரோட்டான்கள் இருப்பதால், ‘கே’ கூட்டு எலெக்ட்ரான்களை அது மிக இறுக்கமாகப் பிடித்து வைத்திருக்கிறது. ஒன்றைப் பிடுங்கி வெளியே எறிய 88.00 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும்.

இயற்கை நமக்கு ஓர் அருமையான பொருத்தத்தைக் கொடுத்திருக்கிறது. காட்மியம்-109 என்ற கதிரியக்கப் பொருள் வெளியிடும் காமா கதிரின் ஆற்றல் 88.03 கிலோ எலெக்ட்ரான்வோல்ட். தேவையானதைவிட வெறும் 0.03 அதிகம். கதவின் பூட்டுக்கென்றே செய்த சாவி போல!

அந்தக் கதிர் எலும்பில் உள்ள காரீய அணுவின் மீது பட்டால், ‘கே’ கூட்டு எலெக்ட்ரான் ஒன்று வெளியேறும். காலியான இடத்துக்கு மேல் கூட்டிலிருந்து இன்னோர் எலெக்ட்ரான் இறங்கி வரும். இறங்கும்போது மிஞ்சிய ஆற்றலை எக்ஸ் கதிராக வெளியிடும். காரீயத்துக்கு அது சுமார் 73, 75, 85 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் என்ற குறிப்பிட்ட அளவுகளில்தான் இருக்கும். ஒவ்வொரு தனிமத்துக்கும் இந்த எண்கள் வேறு. மனிதருக்குக் கைரேகை எப்படியோ, தனிமத்துக்கு இந்த எண்கள் அப்படி. ஆகவே 75இல் கதிர் வந்தால், அங்கே காரீயம் இருக்கிறது.

1970களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கோபால்ட்-57 கொண்டு விரல் எலும்பில் முதலில் இப்படி அளந்தார்கள். 1980களில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்மியம்-109 முறையை வளர்த்தெடுத்தார்கள்.

நாற்காலியில் அரை மணி நேரம்

அளவீடு எப்படி நடக்கும்? நாற்காலியில் உட்கார்ந்து கால் அசையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். கணைக்கால் எலும்பின் நடுப்பகுதி, அதாவது முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில் முன்புறம் கையால் தடவினால் தட்டுப்படும் எலும்பு, கருவிக்கு நேராக இருக்க வேண்டும். அங்கே தசை அதிகம் இல்லாததால் கதிர் எளிதாக எலும்பை அடைகிறது. ஏறக்குறைய அரை மணி நேரம். ஊசி இல்லை, வலி இல்லை. உடலுக்குக் கிடைக்கும் கதிர்வீச்சு மார்பு எக்ஸ்ரே எடுக்கும்போது கிடைப்பதைவிட மிகக் குறைவு. திரும்பி வரும் கதிர்களை, திரவ நைட்ரஜனால் குளிரூட்டிய ஜெர்மானியம் உணரி எண்ணிக்கொண்டே இருக்கும்.

‘ஒருவருக்குக் கால் ஒல்லியாக இருக்கும், இன்னொருவருக்குப் பருமனாக இருக்கும். கால் சற்று நகர்ந்தாலும் கணக்குத் தவறாதா?’ நல்ல கேள்வி. காமா கதிர்களில் சில, எலும்பின் கால்சியத்திலும் பாஸ்பரஸிலும் பட்டு, ஆற்றல் குறையாமல் அப்படியே திரும்பி வருகின்றன. அவற்றின் எண்ணிக்கை, கதிர் எவ்வளவு எலும்பைச் சந்தித்தது என்பதைச் சொல்லும். காரீயத்தின் கதிர்களை இந்த எண்ணிக்கையால் வகுத்துவிட்டால், தூரமும் பருமனும் பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. விடை, ஒரு கிராம் எலும்புக் கனிமத்தில் எத்தனை மைக்ரோகிராம் காரீயம் என்று கிடைக்கும்.

நீடில்மேன் பிட்ஸ்பர்க்கில் இந்தக் கருவியைப் பயன்படுத்தினார். 301 சிறுவர்களின் கணைக்கால் எலும்பை அளந்தார். எலும்பில் காரீயம் அதிகம் இருந்த சிறுவர்களைப் பற்றி, அவர்கள் முரட்டுத்தனமாக நடக்கிறார்கள், விதிகளை மீறுகிறார்கள் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் கூடுதலாகச் சொல்லியிருந்தார்கள். 1996இல் வெளியான ஆய்வு இது.

இங்கே ஓர் எச்சரிக்கை. இரண்டு விசயங்கள் சேர்ந்து வருவதால் மட்டுமே ஒன்று மற்றதற்குக் காரணம் ஆகிவிடாது. ஏழ்மை, குடும்பச் சூழல் என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் இத்தகைய ஆய்வுகள் அவற்றையும் கணக்கில் எடுக்கின்றன. அதனால்தான் ஓர் ஆய்வோடு நிறுத்தாமல் பல நாடுகளில் மீண்டும் மீண்டும் செய்கிறார்கள்.

கழித்தல் குறியோடு ஒரு விடை

இந்தக் கருவியின் குறையையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில வேளைகளில் அது ‘கழித்தல் 2 மைக்ரோகிராம்’ என்று விடை சொல்லும்! இல்லாத ஒன்றுக்கும் கீழே எப்படிப் போக முடியும்?

ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு தராசில் அரிசி நிறுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் பாத்திரத்தோடு நிறுத்து, பிறகு பாத்திரத்தின் எடையைக் கழிக்கிறீர்கள். பாத்திரத்தில் அரிசியே இல்லாவிட்டால், தராசின் ஆட்டத்தால் விடை ஒருமுறை சற்று மேலேயும் ஒருமுறை சற்றுக் கீழேயும் வரும். கருவியும் அப்படித்தான். பின்னணிக் கதிர்களைக் கழித்த பிறகுதான் காரீயத்தின் அளவு கிடைக்கிறது.

அந்தக் கழித்தல் எண்களைத் தவறு என்று தூக்கிப் போட்டால் என்ன ஆகும்? மேலே வந்த எண்கள் மட்டும் மிஞ்சி, சராசரி பொய்யாக உயர்ந்துவிடும். ஆகவே ஆய்வாளர்கள் அவற்றையும் அப்படியே வைத்துக்கொள்கிறார்கள். உங்கள் ஆய்வுக்கூட அறிக்கையில் ‘சரியாக வராத’ எண்ணை அழிப்பானால் அழிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த நிச்சயமின்மையால், காரீயம் குறைவாக உள்ள ஒரு தனிக் குழந்தைக்கு இந்தக் கருவி உறுதியான விடை தருவதில்லை. கருவியும் எல்லா மருத்துவமனையிலும் இருப்பதில்லை. ஒரு குழந்தைக்கு இன்று ஆபத்து இருக்கிறதா என்று பார்க்க இன்னமும் இரத்தப் பரிசோதனைதான். நூற்றுக்கணக்கானோரை ஒன்றாக ஆராய்ந்து, கடந்தகாலக் காரீயம் என்ன செய்தது என்று அறிய எலும்பு அளவீடு.

கிடங்கின் கதவு திறக்கும்போது

இரத்தத்தின் காரீயம் நம் கணக்குப்படி வேகமாக இறங்காது என்று சொன்னேன் அல்லவா? காரணம், எலும்பு பூட்டிய பெட்டி இல்லை. அது நாள்தோறும் கரைந்தும் புதிதாக உருவாகியும் வரும் உயிருள்ள திசு. வளரும் பிள்ளைகளிடம் இது இன்னும் வேகம். எலும்பு கரையும்போது அங்கிருக்கும் காரீயம் மீண்டும் இரத்தத்துக்கு வருகிறது.

தாய்மைக் காலத்தில் இது முக்கியமாகிறது. குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பு கால்சியத்தைக் கொடுக்கும்போது காரீயமும் கூடவே வரும். இதை ஆஸ்திரேலிய ஆய்வாளர் பிரையன் கல்சன் அழகாகக் காட்டினார். சுரங்கத்துக்குச் சுரங்கம் காரீயத்தின் ஐசோடோப்பு விகிதம் மாறுபடும். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து ஆஸ்திரேலியாவில் குடியேறிய பெண்கள், தங்கள் எலும்பில் பழைய நாட்டின் காரீயத்தைச் சுமந்து வந்தார்கள். அவர்கள் கருவுற்றபோது, அந்தப் பழைய நாட்டுக் காரீயம் இரத்தத்தில் கூடியது. தாயின் சிறுவயதில் சேர்ந்தது, அடுத்த தலைமுறையின் வாசல்வரை வருகிறது.

மருந்து கொடுத்து எடுத்துவிட முடியாதா? காரீயத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்துகள் உண்டு. கடுமையான நச்சில் அவை உயிர் காக்கும். ஆனால் அமெரிக்காவில் 780 குழந்தைகளிடம் நடந்த ஒரு பெரிய சோதனையில், மருந்து இரத்தக் காரீயத்தைக் குறைத்தாலும் அறிவுத்திறன் மதிப்பெண்களை உயர்த்தவில்லை என்று 2001இல் தெரியவந்தது. நடந்த சேதத்தை மருந்து திருப்புவதில்லை. வராமல் தடுப்பதுதான் வழி.

எண்கள் இறங்கிய கதை

பற்களும் எலும்புகளும் தந்த சான்றுகள் வீணாகவில்லை. அமெரிக்காவில் 1960களில் ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் 60 மைக்ரோகிராம்வரை கவலை இல்லை என்று நினைத்தார்கள். அந்த எண் 1991இல் 10, 2012இல் 5, 2021இல் 3.5 என்று இறங்கியது. வீட்டுச் சாயத்தில் காரீயம் அங்கே 1978இல் தடை செய்யப்பட்டது. பெட்ரோலில் காரீயம் கலப்பதை ஒவ்வொரு நாடாக நிறுத்தின. கடைசி நாடான அல்ஜீரியா 2021இல் நிறுத்தியது. நீடில்மேன் அதைப் பார்க்கவில்லை. அவர் 2017இல் காலமானார்.

ஆனால் கதை முடிந்துவிடவில்லை. உலகில் மூன்றில் ஒரு பிள்ளையின், அதாவது ஏறக்குறைய 80 கோடிப் பிள்ளைகளின் இரத்தத்தில் 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ காரீயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃப் மதிப்பிட்டது.

நாம் செய்யக்கூடியவை சில உண்டு:

• தூண்டில் காரீயக் குண்டைப் பல்லால் கடித்து நெரிக்காதீர்கள். தொட்ட கையைக் கழுவாமல் சாப்பிடாதீர்கள். மின்சுற்றுப் பற்றவைப்பு வேலைக்குப் பிறகும் அப்படியே.

• பழைய வீட்டின் உரியும் சாயத்தைச் சுரண்டினால், தூள் பறக்காமல் ஈரப்படுத்திச் சுரண்டச் சொல்லுங்கள். தம்பி தங்கைகளை அருகில் விடாதீர்கள்.

• சில வகைச் சுர்மாவும் கண்மையும் காரீயச் சேர்மத்தால் ஆனவை. என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததைக் குழந்தையின் கண்ணில் தீட்ட வேண்டாம்.

• நாட்டு மருந்து வாங்கும்போது, எம்.ஏ.எல். என்று தொடங்கும் சுகாதார அமைச்சின் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களில் 14இல் காரீயமோ, பாதரசமோ, ஆர்சனிக்கோ இருந்ததை 2004இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

• இரும்பும் கால்சியமும் குறைந்த உடல் காரீயத்தைக் கூடுதலாக உறிஞ்சும். கீரையையும் நெத்திலியையும் தட்டில் ஒதுக்காதீர்கள்.

கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன அந்தச் சிறிய கட்டத்துக்குத் திரும்புவோம். கவனம் சிதறும் எல்லா மாணவருக்கும் காரணம் காரீயம் என்று நான் சொல்லவில்லை. பசி இருக்கலாம், தூக்கமின்மை இருக்கலாம், கண்பார்வை சரியில்லாமல் இருக்கலாம், வீட்டில் கவலை இருக்கலாம். சோமர்வில் ஆசிரியர்கள் பொய் எழுதவில்லை. அந்தப் பிள்ளைகளுக்கு உண்மையாகவே கவனம் இல்லை. ஆனால் அது அந்தப் பிள்ளைகளின் குற்றம் இல்லை என்பது, விழுந்த பல்லைப் பொறுமையாக அளந்த பிறகுதான் தெரிந்தது.

இந்தத் தவணை அந்தக் கட்டத்தில் ‘கவனம் இல்லை’ என்று எழுத நேர்ந்தால், எழுதுவதற்கு முன் அந்த மாணவரை அழைத்து ஏன் என்று ஒருமுறை கேட்கப் போகிறேன். உங்கள் வகுப்பில் ‘மக்கு’ என்று பெயர் வாங்கிய நண்பர் யாரேனும் இருந்தால், நீங்களும் கேட்டுப் பாருங்கள்.